முன் சீட்டில் ஒரு துவர்த்து

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் தொழில் செய்து கெட்டோம். ஒருவர் அத்தான், என் அக்காவின் கணவர். அவருக்கு மோட்டார் தெரியும். இன்னொருவன் நான். எனக்குப் பொருளாதாரம் தெரியும். இரண்டில் எது அதிக நஷ்டம் உண்டாக்கியது என்று அக்காவிடம் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் பொருளாதாரம் என்பாள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் எங்களுக்கு ஒரு பஸ் கிடைத்தது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரியில் ஓடும்படி மாற்றிய வண்டி அது. பின்பக்கம், நெல் அவிக்கும் அண்டாவைத் தூக்கி நிறுத்திக் கட்டியது போல ஒரு பீப்பாய் இருக்கும். அதில் கரியைப் போட்டு, தீ மூட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்தால் வண்டிக்கு மெதுவாகக் கோபம் வரும். கோபம் வந்த பிறகுதான் கிளம்பும். காற்றடிப்பது என் வேலை. டிக்கெட் கிழிப்பதும் என் வேலை. ஆனால் வீட்டில் எனக்கு மானேஜர் என்று பெயர். பி.ஏ. படித்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்த வண்டியை வாங்க அக்காவின் கழுத்திலும் கையிலும் கிடந்ததெல்லாம் போயிற்று. என் பங்குக்கு வந்த வயலும் போயிற்று. இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், விளைகிற வயல். கன்னிப்பூ அறுப்பு முடிந்த கையோடு, நிலம் ஈரம் காய்வதற்கு முன் விற்றேன். வாங்கினவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரிலிருந்து தக்கலை வரைக்கும்தான் எங்கள் பெர்மிட். கால்வாய்க் கரையை ஒட்டி, வயல்களுக்கு நடுவே வளைந்து, மிஷன் கோயில் இருக்கிற முக்கில் ஒரு தடவை நின்று, பிறகு பெரிய ரோட்டில் ஏறும் ஒரு கிளைப் பாதை. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் அந்தப் பெரிய ரோட்டைச் சர்க்கார் பஸ்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன. சர்க்கார் சாப்பிட்ட இலையில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த பருக்கைகள்தான் எங்களைப் போன்ற ஒற்றை வண்டிக்காரர்களுக்கு விடப்பட்டிருந்தன. அந்தப் பருக்கைக்கும் பெர்மிட் உண்டு. சில வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பெர்மிட் போனால் வண்டி வெறும் இரும்பு.

இதைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘தனியார் மோட்டார் தொழிலின் எதிர்காலம்’ என்ற தலைப்பில் பேசினேன். தலைமை வகித்தவர் சார். தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்றாலும் என்னோடு சரிக்குச் சரி வாதாடுவார். ஊரில் புஸ்தகம் படிக்கிற இரண்டே பேர் நாங்கள். ஆகவே மற்றவர்கள் எங்களை அறிவாளிகள் என்று நம்பினார்கள். நாங்களும் ஒருவரை ஒருவர் அப்படியே நம்பினோம்.

சர்க்கார் லாபமில்லாத கிளை ரோடுகளுக்கு ஒருநாளும் வராது என்று நான் நிரூபித்தேன். சர்க்காருக்குப் பயணி என்றால் டிக்கெட். தனியாருக்குப் பயணி என்றால் முகம். முகம் தெரிந்தவன் நடத்துகிற தொழிலை யாராலும் அசைக்க முடியாது. நன்றாகத்தான் பேசினேன். முடிவுரையில் சார் எழுந்து, “இது இவனுக்க பஸ்ஸுன்னு யாரும் நெனைக்காதுங்க. இது நம்ம ஊருக்க சொத்து” என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அத்தான் மட்டும் கைதட்டவில்லை. அவர் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். அதிகாலையில் எழுந்து கரி உடைக்கிறவர்.

ஊருக்க சொத்து என்று சார் சொன்னது முகஸ்துதி இல்லை. ஊர் அதை அப்படித்தான் நடத்திற்று. எங்கள் வண்டி இரவில் நிற்பது குளத்து மடைக்குப் பக்கத்தில். காலையில் குளித்துவிட்டு வருகிறவர்கள், தலை துவட்டிய துண்டைப் பிழிந்து, வண்டியில் தங்களுக்கு வேண்டிய சீட்டில் விரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தத் துண்டுக்கு எங்கள் பக்கம் துவர்த்து என்று பெயர். துவர்த்து சீட்டில் கிடந்தால் ஆள் ஏறியாயிற்று என்று அர்த்தம். உடம்பு பிறகு வரும். பூஜை முடித்து, காப்பி குடித்து, வேட்டி மாற்றி, வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாக வரும். துவர்த்து கிடக்கிற வண்டியை எடுப்பது, பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவனைக் கையைப் பிடித்து எழுப்புவது போல. நாஞ்சில் நாட்டில் அதற்கு மேல் ஒரு மரியாதைக் குறைவு கிடையாது.

முதல் துவர்த்து எப்போதும் சாருடையது. சிவப்புக் கரை போட்டது. டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில், நான்கு மூலையும் இழுத்து விட்டு, பாடம் நடத்துவது போல ஒழுங்காகக் கிடக்கும். கடைசி உடம்பும் எப்போதும் சாருடையதுதான்.

எட்டு மணி வண்டிக்கு எட்டேகாலுக்கு நான் அவர் வீட்டுக்கு ஓடுவேன்.

“சாரே, வண்டி நிக்கி.”

“நிக்கட்டும் டேய். நின்னா அதுக்குக் காலு கடுக்குமா? உள்ள வா. புட்டும் பயறும் இருக்கு, ரெண்டு வாய் தின்னு.”

“ஆளுக காத்துக்கிட்டு இருக்காவ சாரே.”

“எனக்க துவர்த்து அங்ஙன கெடக்குல்லா? அப்பம் நான் வண்டியிலதான இருக்கேன். உக்காரு மக்கா.”

நான் உட்கார்ந்து தின்பேன். புட்டு நன்றாக இருக்கும். தொழிலாளியாக நான் வண்டியிலிருந்து இறங்கிப் போய், விருந்தாளியாகத் தாமதித்து, மானேஜராகத் திரும்பி வருவேன்.

இந்தத் தாமதத்தின் முழுக் கனமும் ஒரே ஒருவர் தலையில் விழுந்தது. மிஷன் கோயில் முக்கில் ஏறுகிற உபதேசியார். கோயிலில் ஜெபம் நடத்துகிறவர், தக்கலைப் பக்கத்தில் இன்னொரு சபையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கறுத்த குடை, சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். எட்டேகாலுக்கு அங்கே வரவேண்டிய வண்டிக்கு அவர் எட்டு மணிக்கே வந்து நிற்பார். வெயிலோ மழையோ, நிற்பார். வண்டி வந்ததும் ஏறமாட்டார். முதலில் கடிகாரத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடிப்பார். நான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் ஏறுவார்.

“கர்த்தர் இன்னைக்கும் எனக்குப் பொறுமைய படிப்பிச்சாரு. வாத்தியாரு நீரு” என்பார்.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மாலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “நாளையிலேருந்து எட்டு மணிக்கு எடுத்துருவேன் மக்கா. எவன் துவர்த்து கெடந்தாலும் சுருட்டி மடையில வீசிருவேன்.”

நான் விளக்கினேன்: “அத்தான், துவர்த்துதான் நம்ம மூலதனம். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் இதுக்கு நல்லெண்ணம்னு பேரு வச்சு, கணக்குல சொத்தா எழுதுவான். சர்க்காரு எவ்வளவு கொட்டினாலும் இதை வாங்க முடியாது.”

“மூலதனம் ஈரமா கெடக்கு. சீட்டுத் துணியெல்லாம் அழுகி நாறுது” என்றார் அத்தான்.

“நாளைக்கு ஒரு கஷ்டம்னு வந்தா இந்த ஊரு நம்ம பக்கம் நிக்கும்.”

அத்தான் துடைக்கிற துணியைப் பிழிந்தார். “நிக்கும். நிக்கதுக்குத்தான் அவனுவளுக்குத் தெரியுமே.”

படிக்காத மனிதர் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை.

கரி போய்ப் பெட்ரோல் வந்தது. திருவிதாங்கூர் போய்த் திரு-கொச்சி வந்தது. தமிழ்த் தாலுகாக்களை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம், கோஷம், துப்பாக்கிச் சூடு என்று சுற்றுவட்டாரமெல்லாம் கொதித்த நாட்களிலும் எங்கள் வண்டி ஓடியது, துவர்த்துகளுக்குக் காத்துக் காத்து. அப்புறம் ஒருநாள் அந்தச் செய்தி வந்தது. கிளை ரோடுகளிலும் சர்க்கார் பஸ் விடப்போகிறார்கள். எங்கள் பெர்மிட்டைப் புதுப்பிப்பதா, ரோட்டைச் சர்க்கார் எடுத்துக்கொள்வதா என்று தக்கலையில் ஓர் அதிகாரி விசாரிப்பார். ஊர்க்காரர்கள் வந்து அபிப்பிராயம் சொல்லலாம்.

லாபமில்லாத ரோட்டுக்குச் சர்க்கார் வராது என்று நான் நிரூபித்திருந்ததை யாரும் சர்க்காருக்குத் தெரிவிக்கவில்லை போலும்.

வாசகசாலையில் கூட்டம் போட்டோம். சார்தான் தலைமை. “நம்ம பிள்ளைக்கு ஒரு நோவுன்னா நம்ம வேடிக்கை பாப்போமா? இந்த வண்டி நம்ம பிள்ளை. மொதச் சாட்சி நான். அதிகாரிக்கு நான் சொல்லுகேன், அவன் கேப்பான்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள். எல்லாம் துவர்த்துக்காரர்கள். அக்கா அன்று ராத்திரி எனக்கு இரண்டாம் தடவை மீன் குழம்பு ஊற்றினாள். பஸ் வாங்கின பிறகு அவள் எனக்கு எதையும் இரண்டாம் தடவை ஊற்றியதில்லை.

உபதேசியாருக்கு மட்டும் விஷயம் தெரியக்கூடாது என்று முடிவு செய்தோம். அந்தக் கடிகாரம் அதிகாரி முன்னால் வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது.

விசாரணை நாள் வந்தது. பத்து மணிக்கு ஆஜராக வேண்டும். சாட்சிகளை எங்கள் வண்டியிலேயே இலவசமாகக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அத்தான் வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, முகப்பில் பிச்சிப்பூ மாலை போட்டிருந்தார். எட்டு மணிக்கு எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அது ஓர் அதிசயம். முன் சீட்டில் சிவப்புக் கரைத் துவர்த்து கிடந்தது. சார் வரவில்லை.

எட்டரைக்கு நான் ஓடினேன். சார் பூஜையில் இருந்தார். அவர் வீட்டு முற்றத்துக் கொடியில் புதிதாகத் தைத்த காக்கி உடுப்பு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சாரணர் படை ஏதோ ஆரம்பித்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். இந்த வயதில் கால்சராய் போட்டு அணிவகுக்கப் போகிறாரே என்று உள்ளுக்குள் சிரிக்கவும் செய்தேன். படித்தவன் எதைக் கண்டாலும் உடனே விளக்கம் வைத்திருப்பான்.

பூஜை முடிந்தது. புட்டு வந்தது. அன்றைக்கு நான் தின்னவில்லை. பிறகு கோட்டைத் தேடினார்.

“சாரே, ஒம்பது ஆவப்போவுது.”

“அதிகாரிக்க முன்னால நிக்கணும்லா? கோட்டு போடாண்டாமா? உனக்கு வேண்டித்தான மக்கா இந்த வெயில்ல கோட்டு போடுகேன்.”

வண்டி கிளம்பியபோது அத்தானின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மிஷன் கோயில் முக்கில் நிற்காமல் போய்விடுவது என்று பேசி வைத்திருந்தோம். ஆனால் உபதேசியார் நடு ரோட்டில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். கர்த்தருடைய ஊழியக்காரர் மேல் வண்டியை ஏற்ற முடியாது. நிறுத்தினோம். வழக்கம் போல என் மூக்குக்கு நேரே கடிகாரம். நான் பார்த்தேன்.

“விசாரணையாமே. நானும் வாறேன்” என்றார்.

அத்தான் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் டிக்கெட் கட்டைப் பார்த்தேன்.

எங்கள் வண்டியின் தலைவிதியை நிர்ணயிக்கிற விசாரணைக்கு எங்கள் வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதிகாரி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இளவயசுக்காரர், மலையாளி, மரியாதையானவர். நாங்கள் வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்ததும் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். முதலில் சாரைக் கூப்பிட்டார்.

சார் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் போனார். அதிகாரி மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: “இந்த வண்டி குறிச்ச சமயத்துல புறப்படுமா?”

சார் தொண்டையைச் செருமினார். “நான் பிள்ளைகளுக்குச் சத்தியம் பேசணும்னு சொல்லிக் குடுக்கவன். அதனால சத்தியத்தத்தான் சொல்லணும். இந்த வண்டி குறிச்ச நேரத்துல புறப்பட்டு நான் கண்டதே இல்ல.”

“ஒரு திவசம் கூட?”

“ஒரு நாளு கூட. இன்னைக்கும் பாத்தியள்லா?”

நான் காது கேளாதவன் போல உட்கார்ந்திருந்தேன். அவர் ஏதோ நகைச்சுவையாகத் தொடங்குகிறார், இனிமேல்தான் திருப்பம் வரும் என்று காத்திருந்தேன். வாசகசாலையில் அவர் அப்படித்தான் பேசுவார். எதிர்க்கட்சியை முழுக்கச் சொல்லிவிட்டு, ‘ஆனால்’ என்று நிறுத்துவார். அந்த ‘ஆனால்’ வரவில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். என் பக்கத்து நாற்காலியில்.

அதன்பிறகு வந்தவர்கள் அனைவரும் சார் காட்டிய வழியில் போனார்கள். அவரே சொல்லிவிட்டார், நாம் என்ன பெரிய ஆளா என்று ஒவ்வொருவரும் தாமதம், தாமதம் என்றார்கள். ஒருவர் ஒருபடி மேலே போய், சீட்டுத் துணி ஈரமாக இருக்கிறது, நாற்றமடிக்கிறது என்றார். அவருடைய துவர்த்து எனக்குத் தெரியும். பச்சைக் கரை, ஜன்னலோரம், இரண்டாவது வரிசை.

நான் எழுந்து துவர்த்தைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “துவர்த்து?” என்றார். “ஆமா, ஐயா. ஈரத் துவர்த்து. அது கிடந்தால் வண்டி எடுக்க முடியாது.” “யாரு சொன்னது, எடுக்கக்கூடாதுன்னு?” “யாரும் சொல்லவில்லை ஐயா. அது வழக்கம்.” அந்த அறையில் வைத்துச் சொன்னபோது அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது என்பது எனக்கே தெரிந்தது. “அப்போ வண்டி வைகிச்சது, லேட்டானது, வாஸ்தவம்தானே?” என்றார். “வாஸ்தவம்தான், ஆனால்...” என்றேன். எழுத வேண்டியதை என் ‘ஆனால்’ முடிவதற்குள் எழுதிவிட்டார்.

“வேறே ஆராவது உண்டோ?”

உபதேசியார் எழுந்தார். கடிகாரத்தை எடுத்தார். இனிமேல் இதனால் ஆகப்போவது என்ன என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஐயா, இந்த வண்டிக்க லேட்டு இங்க பேசினவிய ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். எட்டு வருசமா ரோட்டுல நிக்கவன் நான். இந்த வண்டி ஊருல உள்ள அத்தனை பேருக்கும் வேண்டி நின்னிருக்கு, எனக்கு வேண்டி ஒரு நிமிசம் நின்னதில்ல. லேட்டுன்னு சொல்ல இங்க ஒருத்தனுக்கு அருகதை உண்டுன்னா அது எனக்குத்தான். ஐயா, நான் அதைச் சொல்லல்ல.”

உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரியின் குமாஸ்தாவுக்குக் குழப்பமாகிவிட்டது. “இது அனுகூலமா, பிரதிகூலமா?” என்று கேட்டார். அதிகாரி கொஞ்சம் யோசித்து, “தாமதம் உண்டுன்னு இவரும் சம்மதிச்சிட்டுண்டு” என்றார். ஆக, எங்களுக்காகப் பேசிய ஒரே ஆளும் எங்களுக்கு எதிராகவே சேர்க்கப்பட்டார்.

திரும்பிப் போக அவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. எங்கள் வண்டியில்தான் வந்தார்கள். சாட்சிகள் இரண்டு பேர் சாயாக்கடைக்குப் போயிருந்தார்கள். சார் முன் சீட்டில், காய்ந்து மொரமொரப்பான தன் துவர்த்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பும் வண்டிக்குக் குறித்த நாலு மணி அடித்தது. அத்தான் வண்டியை எடுத்தார்.

“ஏலே, அவிய ரெண்டு பேரும் வரல்லியே” என்றார் சார்.

“நேரமாச்சு” என்றார் அத்தான்.

எட்டு வருஷத்தில் முதன்முதலாக எங்கள் வண்டி குறித்த நேரத்தில் புறப்பட்டது. உபதேசியார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, காதில் வைத்து அது ஓடுகிறதா என்று கேட்டார்.

பாதி வழி வந்தாயிற்று. நான் டிக்கெட் பையைக் கட்டிக்கொண்டு முன் சீட்டுக்குப் பின்னால் நின்றேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

“ஏன் சாரே?”

அவர் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. மாணவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே கனிவுதான். “மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத மக்கா. எனக்க மருமவன் ரெண்டு வருசமா சும்மா இருக்கான். இந்த ரோட்டுல சர்க்காரு பஸ்ஸு வந்தா கண்டக்டர் வேலை அவனுக்குன்னு உறுதி சொல்லியிருக்காவ. உடுப்பும் தச்சாச்சு. சர்க்காரு வேலை பாத்துக்க. பென்ஷன் உண்டும். உனக்க பஸ்ஸுல பென்ஷன் உண்டா?”

தனியார் மோட்டார் தொழிலின் எதிர்காலம் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியதில் பென்ஷன் என்ற சொல் வரவில்லை. அவர் தலைமை வகித்துக் கேட்டவர். அன்றைக்கே அந்த ஓட்டையைக் கவனித்திருக்க வேண்டும்.

“கூட்டத்துல வேற மாதிரி சொன்னியளே சாரே.”

“கூட்டத்துல உள்ளதைச் சொல்ல முடியுமா டேய்? நீ படிச்சவன்தான?”

பெர்மிட் போயிற்று. அத்தான் வண்டியை ஆரல்வாய்மொழிக்கு அந்தப்பக்கம் ஓட்டிப்போனார். அது அப்போது மதராஸ் ராஜ்யம். அங்கே தனியார் பஸ்களுக்குக் குறைவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கம்பெனி ஒன்று வண்டியை எடுத்துக்கொண்டு, கூடவே அத்தானையும் டிரைவராக எடுத்துக்கொண்டது. தன் வண்டியைத் தானே கூலிக்கு ஓட்டினார். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார், சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவார். அக்காவிடம் யாராவது கழுத்து மூளியாக இருக்கிறதே என்று கேட்டால், “எனக்க செயினு வள்ளியூரு பக்கம் ஓடிக்கிட்டு கெடக்கு” என்பாள். என்னைப் பார்த்துச் சொல்லமாட்டாள். நான் இருக்கிற அறையில் வைத்துச் சொல்வாள்.

எனக்குத் தக்கலையில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. தினமும் சர்க்கார் பஸ்ஸில் போக வேண்டும். உண்மையைச் சொன்னால், முதல் நாள் ஒருவித ஆவலோடுதான் போனேன். தோற்றவனுக்கும் ஒரு சின்ன இன்பம் பாக்கி இருந்தது. சர்க்கார் பஸ் எட்டு மணிக்குக் கிளம்பும். துவர்த்து முன் சீட்டில் தனியாகத் தக்கலைக்குப் போகும். சார் கோட்டும் வெற்றிலையுமாகக் குளத்தங்கரையில் நின்று பார்ப்பார். அந்தக் காட்சிக்காக ஜன்னலோரமாக இடம் பிடித்தேன்.

எட்டு மணி ஆயிற்று. முன் சீட்டில் சிவப்புக் கரைத் துவர்த்து கிடந்தது. காக்கி உடுப்புப் போட்ட மருமகன் அதைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டிரைவரிடம் பேசத் தொடங்கினார்.

எட்டேகால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று.

“வண்டி எடுக்கல்லியா?” என்று நான் கேட்டேன்.

பக்கத்தில் இருந்தவர், அந்தப் பச்சைக் கரைக்காரர், என்னை விசித்திரமாகப் பார்த்தார். “சர்க்காரு வண்டிலா. அது அதுக்க சௌரியத்துக்குத்தான் போவும். நம்ம கேக்க முடியுமா?”

மிஷன் கோயில் முக்கில் உபதேசியார் நின்றார். கண்டக்டர் இறங்கி நின்றார்; உபதேசியார் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஜன்னலாகத் தேடி, என்னைக் கண்டுபிடித்து, என் மூக்குக்கு நேரே கடிகாரத்தைப் பிடித்தார். நான் பார்த்தேன். அவருக்கும் வேறு யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

ஆபீஸில் மேலதிகாரி கோபித்துக்கொண்டார். பஸ் தாமதம் என்றேன். “அது சர்க்கார் பஸ் ஆயிற்றே. நீர் தாமதமாக வந்திருப்பீர்” என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. பட்டாசு வெடித்தோம், மிட்டாய் கொடுத்தோம். ஆரல்வாய்மொழியில் எல்லை இல்லாமல் போயிற்று. அத்தானும் நானும் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்திருந்தால் தனியார் வண்டி ஓடுகிற ராஜ்யமே நம் பக்கம் வந்திருக்கும் என்று எனக்கு ஒரு புதிய கொள்கை தோன்றிற்று. அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. எங்கள் ரோட்டில் சர்க்கார் பஸ்தான் ஓடியது. அதே துவர்த்து, அதே மருமகன்.

வாசகசாலையில் சார் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். புதிய ராஜ்யத்தில் போக்குவரத்தின் எதிர்காலம் பற்றி நான் பேச வேண்டுமாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். இரண்டு மூன்று நாள் கழித்து, வண்டியில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டு காலியாக இருந்தது. சார் குளித்துவிட்டு, தலையில் எண்ணெயும் நீரும் சொட்ட, என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“உடம்பு எப்படி மக்கா? கஷாயம் குடிச்சியா?”

“குடிச்சேன் சாரே.”

“உள்ள ஏறிச் சுத்திக்கிட்டு வர ஒரே மடியும் சோம்பலுமா இருக்கு. இதை அந்த முன் சீட்டுல ஒண்ணு விரிச்சிரு. நான் இப்பம் வந்திருதேன்.”

ஜன்னல் வழியாகத் துவர்த்தை நீட்டினார். பிழிந்தும் ஈரம் சொட்டியது. வாங்கிக்கொண்டேன். அவர் வீட்டைப் பார்த்து நடந்தார், திரும்பிப் பார்க்காமல். பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

எழுந்து போய், முன் சீட்டில் அதை விரித்தேன். நான்கு மூலையும் இழுத்து விட்டேன். மருமகன் விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். எட்டேகாலுக்கு என் கால்கள் தாமாகவே எழுந்தன, அவர் வீட்டுக்கு ஓடிக் கூப்பிட்டுவர. அப்புறம், இது என் வண்டி இல்லை என்று ஞாபகம் வந்து, உட்கார்ந்துகொண்டேன்.